டொமினிக் பாஸ் பண்ணாத வெள்ளை

1

"சாவியக் குடு நோரா."

"தரமாட்டேன் டாடி."

"எம் பேத்தி எங்கிட்ட கேட்டிருக்கா. உங்கிட்ட கேக்கல."

"அது என் கவுன். என் கல்யாணக் கவுன்."

"அது இருக்கற கலருக்கு அத கவுன்னு சொல்லாத. டீ வடிகட்டற துணின்னு சொல்லு."

"மெதுவாப் பேசுங்க. எதிர்வீட்டு ஜன்னல் தொறந்திருக்கு."

"தொறந்திருக்கட்டும். அந்தம்மாவுக்கும் பொழுது போக வேணாமா?"

அந்த எதிர்வீட்டு ஜன்னல் என்னுடையது. ஆஸ்டின் டவுனில் எங்கள் சந்தின் அகலம் எப்படிப்பட்டது என்றால், எதிர்வீட்டில் தாளிப்பது கடுகா சீரகமா என்று கேட்காமலே தெரிந்துவிடும். ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் என்னைச் சொல்லக்கூடாது. காது இருந்த இடத்தில்தான் இருந்தது. சத்தம்தான் வந்தது.

இந்தக் கதை பிறந்த விதத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்று காலை நான் எழுத உட்கார்ந்தது இதை அல்ல. இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் வாழ்க்கைக் கதையை. நெசவு கற்று, பிறகு துணி வெளுப்பவராகி, குளோரினைச் சுண்ணாம்புக்குள் பிடித்து அடைத்துப் பொடியாக விற்று, பெரிய ஆலை கட்டிய மனிதர். அவர் காலம்வரை துணி வெளுக்க மாதக்கணக்கில் புல்வெளியில் விரித்துப் போட்டு வெயிலையும் புளித்த மோரையும் நம்பிக்கொண்டிருந்தார்களாம். மோர் என்று படித்ததும் எனக்கு அவர்மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது.

ஒட்டுதல் வந்து என்ன பயன், தொடக்கம் வரவில்லை.

2

முதல் தொடக்கம்: "மேகங்கள் தாழ்ந்து கிடந்த அந்தப் புல்வெளியில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெண்துணிகள் விரிந்து" — நிறுத்திவிட்டேன். நான் பார்த்த புல்வெளி கப்பன் பார்க். அதில் துணி விரித்தால் காவலாளி விசில் ஊதுவார்.

இரண்டாவது: "அவர் மனைவி கதவோரம் நின்று, 'என்னங்க, இன்னிக்கும் இருமலா' என்று" — ஸ்காட்லாந்துக்காரி 'என்னங்க' என்பாளா? அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "வெள்ளை என்பது உண்மையில் ஒரு நிறமே அல்ல, அது ஒரு" — அது ஒரு என்ன? எனக்கே தெரியவில்லை. இந்த மாதிரி வாக்கியம் எழுதினால் பத்திரிகையில் போட்டோவோடு போடுவார்கள். ஆனாலும் விட்டுவிட்டேன்.

இந்த மூன்றாவது வாக்கியத்தின் நடுவில்தான் "சாவியக் குடு" வந்தது. பேனாவை மூடினேன். கடல் தாண்டி, நூற்றாண்டு தாண்டி ஒரு வெளுப்புக்காரரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டிலேயே ஒருவர் சாவி கேட்டுக் கத்திக்கொண்டிருக்கிறார்.

[ஸ்காட்லாந்துக்காரரை நான் முழுதாகக் கைவிடவில்லை. நடுவில் ஒருமுறை எட்டிப்பார்ப்பார். அவசரப்படுபவர்கள் அந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.]

3

டொமினிக்குக்கு எங்கள் சந்தில் 'பிளீச்சிங் டொமினிக்' என்று பெயர். எழுபதைத் தாண்டி வெகுநாள் ஆகிறது. இப்போது மூடிக் கிடக்கும் ஒரு பருத்தி ஆலையில் வேதியியலாளராக இருந்தவர். அந்த ஆலையில் குளோரின் வெளுப்பை நிறுத்தி, பெராக்சைடு வெளுப்பைக் கொண்டுவந்தவர். சர்ச் விழாவில் ஒருமுறை சால்வை போர்த்தி, 'நம் பங்கின் முன்னோடி' என்று மைக்கில் சொன்னார்கள். அந்தச் சால்வை மெரூன் நிறம். அதையும் வெளுத்துவிட்டார் என்று சந்தில் ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன்.

நோரா அவருடைய ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவன் கிளெமென்ட், பீன்யா தொழிற்பேட்டையில் வேலை செய்துகொண்டிருந்தவன், ஒரு நாள் வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அப்போது மகள் ஜோவிதா சின்னப் பெண். இப்போது அவளுக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளை டிரேவர். அம்மாவின் கவுனைத்தான் போடுவேன் என்று ஜோவிதா பிடிவாதமாக இருந்தாள். அதன் லேஸைக் கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்தது கிளெமென்ட். அப்பா தொட்டுப் பார்த்து வாங்கிய துணி என்று அவளிடம் வேறெதுவும் இல்லை. அத்தனை வருஷம் அலமாரியில் கிடந்ததில் கவுன் பழுத்துவிட்டது. வீட்டிலேயே உலகறிந்த வெளுப்புக்காரர் இருக்கும்போது அவள் வேறெங்கே போவாள்? "தாத்தா, நீங்களே வெளுத்துக் குடுங்க" என்றாள்.

அவள் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

ஏனென்றால், நோராவுக்கு மட்டுமல்ல, எனக்கு, காய்கறி வண்டிக்காரருக்கு, சர்ச்சில் மெழுகுவர்த்தி விற்பவருக்கு, எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று டொமினிக்குக்கும் ஜோவிதாவுக்கும் மட்டும் தெரியாது. டொமினிக் கண்ணில் புரை. புரை விழுந்த கண்ணுக்கு வெள்ளையெல்லாம் மஞ்சளாகத் தெரியும். வாசகருக்கு இதில் மர்மம் வைத்து விளையாட எனக்கு மனசில்லை. இதுதான் விஷயம்.

சரி, தடுமாறினால் தெரியாதா என்பீர்கள். அங்கேதான் கூத்து. சில வகைப் புரையில் கிட்டப் பார்வை கொஞ்ச நாள் நன்றாகிவிடும். டொமினிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு பேப்பர் படிக்க ஆரம்பித்தார். "இந்த வயசுல கண்ணாடி இல்லாம படிக்கிறேன். என் கண்ணு என் சம்பாத்தியம்" என்று கேட்டில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். கண் நன்றாயிருக்கிறது, துணிதான் மஞ்சள் என்று முடிவு கட்டிவிட்டார். காவேரித் தண்ணியில் இரும்பு என்றார். டேங்கர் தண்ணியைத் திட்டினார். சோப்புக் கம்பெனிக்கு ஃபோன் செய்து ஒரு பெண்ணிடம் அரைமணி நேரம் பாடம் நடத்தினார். பிறகு சிக்பேட்டையில் கெமிக்கல் கடைக்குப் போய் பெராக்சைடு வாங்கிவந்து, சனிக்கிழமைதோறும் எவர்சில்வர் அண்டாவில் துணி வேகவைக்க ஆரம்பித்தார்.

ஏற்கெனவே வெள்ளையான துணியை மறுபடி மறுபடி வெளுத்தால் என்ன ஆகும் என்பதை அவரே ஆலையில் பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நூல் செத்துவிடும். தலையணை உறை விரலுக்குள் மாவு மாதிரி வரும். நோரா என்ன செய்தாள்? கிழியக் கிழிய, அதே கடையில் அதே மாதிரி உறை வாங்கிவந்து சத்தமில்லாமல் மாற்றி வைத்தாள். கடைக்காரர் அவளை லேடீஸ் ஹாஸ்டல் நடத்துபவள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவள் திருத்தவில்லை.

உறையை மாற்றலாம். கிளெமென்ட் வாங்கிய லேஸை எந்தக் கடையில் போய் மாற்றுவது? அதனால் அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். காரணம் கேட்டால் "பழசு எதுக்கு, புதுசு எடுக்கலாம்" என்றாள். அது பொய் என்று டொமினிக்குக்குத் தெரிந்தது. எது உண்மை என்று தெரியவில்லை. என் கையை இவள் நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டார்.

4

முன்னோடி ஆன கதையைச் சொல்லாமல் முன்னோடி என்று எழுதக்கூடாது இல்லையா. டொமினிக் சொல்வது இது. அந்தக் காலத்தில் பிளீச்சிங் ஹவுஸில் குளோரின் காரம் கண்ணைப் பிடுங்கும். ஆட்கள் மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு வேலை செய்வார்கள். மானேஜரோ ஆபீஸ் ரூமில். இளைஞன் டொமினிக் ஒருநாள் அவரைப் பணிவாகக் கூப்பிட்டு, பிளீச்சிங் ஹவுஸ் நடுவில் நாற்காலி போட்டு, டீ கொடுத்திருக்கிறான். மானேஜரால் பாதி டீ குடிக்க முடியவில்லை. அடுத்த மாதமே பெராக்சைடுக்கு ஆர்டர் போயிற்று.

நல்ல காட்சி. நானாக யோசித்தால்கூட இப்படி வராது. அதனாலேயே சந்தேகம் வந்தது.

கோவிந்தப்பா சொல்வது வேறு. இவர் டொமினிக்கோடு அதே ஆலையில் வேலை பார்த்தவர், ஸ்ரீராம்புரத்தில் இருப்பவர், தாய்மொழி கன்னடம், சண்டை போடுவது தமிழில். "டீயும் இல்ல, கீயும் இல்ல. மானேஜருக்கே இருமல் வந்துடுச்சு. டாக்டர் சொன்னாரு. அவ்ளோதான் கதை" என்றார். நோராவின் வடிவம் மூன்றாவது. கல்யாணமான புதிதில் அவள் அம்மா, "இந்த நாத்தத்தோட எம் பக்கத்துல படுக்காதீங்க" என்று சொன்னாளாம். மனிதர் ஒரு வாரம் கூடத்தில் படுத்தாராம். அதற்கப்புறம்தான் பெராக்சைடு பற்றி யோசனையே வந்ததாம்.

மூன்றையும் போட்டுவிட்டேன். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

[ஸ்காட்லாந்துக்காரர் வருகிறார். அந்தப் பொடியை உண்மையில் யோசித்தது அவர் இல்லை, கூட்டாளி என்று சொல்பவர்களும் உண்டு. முன்னோடி என்று யாரைச் சொன்னாலும் பின்னால் ஒரு கோவிந்தப்பா நின்று "டீயும் இல்ல, கீயும் இல்ல" என்கிறார். சரி, அவர் போகட்டும்.]

ஆனால் மூன்று பேரும் ஒத்துக்கொள்ளும் விஷயம் ஒன்று இருக்கிறது. வெளுப்பு சரியா என்று பார்க்க அப்போது மிஷின் கிடையாது. காலை வெளிச்சத்தில், வடக்குப் பார்த்த ஜன்னலோரம், கண்ணால் பார்த்துத்தான் 'பாஸ்' 'ஃபெயில்' சொல்ல வேண்டும். அதற்கு டொமினிக் ஒரு விதி போட்டார். ஒரே ஆள் பார்த்துச் சொல்லக்கூடாது. இரண்டு பேர் பார்த்து, ஒரே நேரத்தில் வாய் திறக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் மூன்றாவது ஆள். அவர் அந்த டிபார்ட்மென்ட் ஆளாக இருக்கக்கூடாது. ஆலை மூடும்வரை இந்த விதி நடந்தது. டொமினிக்கின் கண்ணுக்கு எதிராக மூன்றாவது ஆளைக் கூப்பிட வேண்டிய நிலை ஒருமுறையும் வந்ததில்லையாம்.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கம். கோவிந்தப்பா இந்தக் கதைக்கு வேண்டுமா? அவரை எடுத்துவிட்டு, நோராவே அப்பாவிடம் உண்மையைச் சொல்வதாக எழுதிப் பார்த்தேன்.

"டாடி, உங்க கண்ணு" என்று நோரா

"டாடி, ஒண்ணு சொன்னா கோபப்படக்கூடாது. உங்க"

"டாடி,"

மூன்று தடவையும் அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. நான் தள்ளிப் பார்த்தேன். நகரமாட்டேன் என்கிறாள். நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது. சாவிச் சண்டைக்கு அப்புறம் அப்பாவும் மகளும் சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தத்தால் மட்டும் பேசிக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு நாள் நெருங்கியது. கடைசியில் நோரா கோவிந்தப்பாவுக்கு ஃபோன் போட்டாள். அவருக்குப் புரை ஆபரேஷன் ஆகிச் சில மாதம் ஆகியிருந்தது.

ஆகவே கோவிந்தப்பா இருக்கட்டும்.

6

சனிக்கிழமை காலை வந்தார். அடுப்பில் அண்டா ஏறியிருந்தது. டொமினிக்கின் விரல் நுனிகள் பெராக்சைடு பட்டுச் சுண்ணாம்பு தடவினதுபோல இருந்தன.

"ஏனப்பா டொமினிக், நீ உள்ள பனியன் போட்டிருக்கியா இல்லையான்னு தெரு முனையிலேயே தெரியுது."

"நல்ல துணி அப்படித்தான் இருக்கும்."

"துணியா இது? காத்து, குரு. காத்துக்கு பட்டன் வச்சு தச்சிருக்க."

"உனக்கு ஆபரேஷன் பண்ணவன் கண்ணுல பால ஊத்தி விட்டுட்டான். எல்லாம் வெள்ளையாத் தெரியும்."

"சரி, அதையும் பாத்துருவோம்" என்று கோவிந்தப்பா பையிலிருந்து ஒரு கைக்குட்டை பாக்கெட்டை எடுத்தார். வரும் வழியில் வாங்கியது. ஒட்டின ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. "நோடு, பாரு, உன் கண்ணெதிரிலேயே பிரிக்கிறேன். வா ஜன்னலுக்கு."

சமையலறை ஜன்னல்தான் அந்த வீட்டில் வடக்குப் பார்த்தது. என் ஜன்னலுக்கு நேர் எதிரே. நோரா அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியோடு அப்படியே நின்றாள். கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு கிழவர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்தார்கள். ஆலையில் நின்ற மாதிரியே நின்றிருப்பார்கள் போல. டொமினிக்கின் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"ஒண்ணு, ரெண்டு."

"பாஸ்."

"ஃபெயில்."

அடுத்ததைப் பிரித்தார்கள்.

"பாஸ்."

"ஃபெயில். என்னப்பா இது, புதுசுலயே மஞ்சள் விக்கிறானுங்க. கேக்க ஆளில்ல."

"புதுசு மஞ்சளா இருக்குமா டொமினிக்?"

"உன் கண்ணு சரியில்ல."

"சும்னிரு, சும்மா இருப்பா. ரெண்டு கண்ணு ஒத்துப்போகலன்னா என்ன பண்ணணும்? ரூல் யார் போட்டது?"

டொமினிக் நோராவைப் பார்த்தார். "இவ டிபார்ட்மென்ட் ஆளு, வேணாம்" என்றார். பிறகு ஜன்னல் கம்பிக்கு வெளியே தலையைச் சாய்த்து, "கோமளம்மா, வாங்க இப்படி. எப்படியும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க" என்றார்.

இது எனக்குப் பிடிக்கவில்லை. எழுதுகிறவளை யாராவது கதைக்குள் கூப்பிடுவார்களா? நான் பாட்டுக்கு ஓரமாக இருந்தேன். செருப்பைத் தேடுவதுபோல் நேரம் கடத்தினேன். 'பாஸ்' என்றால் ஒரு மனிதரின் வாழ்நாள் சம்பாத்தியம் போகிறது. 'ஃபெயில்' என்றால் அவர் சாவியைக் கேட்பார். நோராவால் மறுக்க முடியாது, கவுன் அண்டாவுக்குள் போகும், ஜோவிதாவுக்கு அப்பாவின் லேஸ் கஞ்சியாக வெளியே வரும். சந்தின் அகலத்தைக் கடக்கும் நேரத்தில் இரண்டு பதிலையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். மேஜையில் கதை எழுதும்போது முடிவை மாற்ற ஒரு வாரம் கிடைக்கும். இங்கே நாலு எட்டுதான்.

டொமினிக் கைக்குட்டையை என் முன்னால் பிடித்தார்.

"பாஸ்" என்றேன்.

"உங்களுக்கு சக்கரை இருக்கில்ல? சக்கரை இருந்தா கண்ணு அடிவாங்கும்."

"சக்கரை இல்லை."

"பிபி?"

"அது இருக்கு."

"அதான்" என்றார். ஆனால் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். பிறகு நோராவைப் பார்த்துக் கேட்டார்.

"தலகாணி உறை?"

"மாத்திட்டேன் டாடி. கிழியக் கிழிய."

"என் சட்டை?"

"அதுவும் புதுசுதான். மூணாவது."

"ஆல்டர் துணி?"

நோரா கரண்டியைக் கீழே வைத்தாள். பீடத்துக்கு விரிக்கும் துணியை வெளுத்துக் கொடுப்பது டொமினிக்கின் நேர்ச்சை மாதிரி. மாதம் ஒருமுறை சர்ச்சிலிருந்து அவரே வாங்கிவருவார், அவரே கொண்டுபோய்க் கொடுப்பார்.

"ஆல்டர் துணி நோரா?"

"ஃபாதர் வேற வாங்கிட்டார். நீங்க கொண்டு வர்றத தனியா ஒரு பெட்டியில வச்சிருக்காங்க. நீங்க வெளுக்கறதுக்குன்னு."

"பீடத்துல போடறதில்ல?"

"இல்ல டாடி."

"ஃபாதர் ஒவ்வொரு தடவையும் 'தேங்க்யூ அங்கிள்'னு சொல்வாரே."

கோவிந்தப்பா ஜன்னல் வழியாக எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"ஊரே சேந்து எனக்கு நாடகம் போட்டிருக்கு" என்றார் டொமினிக்.

அப்போதுதான் நோரா உடைந்தாள். "என்ன பண்ணச் சொல்றீங்க? 'நான் ஃபெயில்னு சொன்னா மில்லுல லாரி நின்னுடும்'னு சொல்லிச் சொல்லி என்னை வளத்தீங்க. உங்களையே ஃபெயில்னு சொல்ல எனக்கு எங்கேருந்து வாய் வரும்?"

டொமினிக் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அண்டாவிலிருந்த துணியை நோரா அலசிப் போட்டாள். எங்கே போட்டாள் என்று கேட்காதீர்கள். கொடியில் போடும் நிலையில் அது இல்லை.

7

கதை இங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்து ஒரு முடிவு எழுதினேன். டொமினிக் மனம் திரும்பி, ஆபரேஷன் செய்துகொண்டு, கவுனைப் பார்த்து, "இது வெள்ளையாத்தான் இருக்கு, நாந்தான் தப்பாப் பாத்தேன்" என்று சொல்லி, நோராவைத் தலையில் தொட்டு — வேண்டாம். என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "பலே" என்றார். அவர் பலே என்றால் அதைக் கிழித்துவிடுவது என் வழக்கம்.

உண்மையில் நடந்தது இவ்வளவு அழகாக இல்லை. டொமினிக் யாருடனும் பேசவில்லை. சனிக்கிழமை வந்தது, அண்டா ஏறவில்லை. கேட்டில் நிற்பதையும் விட்டார். ஜோவிதா வந்து, "தாத்தா, கவுன் என்ன ஆச்சு" என்று கேட்டபோது, "வாடகைக்கு எடுத்துக்கோம்மா. கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல நல்லா இருக்கும்" என்றார்.

அதைக் கேட்டதும் நோராவுக்கு ஏதோ ஆகிவிட்டது. இத்தனை நாள் சாவியை அவரிடமிருந்து காப்பாற்றினாள். இப்போது அவர் வந்து கேட்கமாட்டாரா என்று காத்திருந்தாள். அலமாரிக்கு முன்னால் நின்று வேண்டுமென்றே சாவியைக் குலுக்குவாள். அந்தப் பக்கம் சத்தமில்லை. அப்பா தோற்க வேண்டும் என்று அவள் நினைத்ததே இல்லை. கவுன் பிழைக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தாள். இரண்டும் ஒன்றாகத்தான் வரும் என்பதை யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஒருநாள் காலை அவள் பள்ளிக்கூடம் போனதும் கோவிந்தப்பா ஆட்டோவில் வந்து டொமினிக்கை ஏற்றிக்கொண்டு போனார். சாயங்காலம் வலது கண்ணில் கட்டோடு இறக்கிவிட்டார். சந்தில் முதலில் பார்த்தது நான்தான். நோராவுக்கு ஃபோன் செய்யலாமா என்று யோசித்தேன். யோசிப்பதற்குள் செய்துவிட்டேன்.

கட்டுப் பிரித்த மறுநாள் டொமினிக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையால் இடது கண்ணை மூடினார். பிறகு வலது கண்ணை. பிறகு இடது. சுவர், காலண்டர், மாதா படம், ஃபிரிட்ஜ். ஒவ்வொன்றுக்கும் இப்படி. நோரா டீ கொண்டுவந்து வைத்தாள். அவளையும் அப்படிப் பார்த்தார்.

"உனக்கு இவ்ளோ நரையா?"

"ரொம்ப நாளா இருக்கு டாடி."

"எனக்கு பிரவுனாத் தெரிஞ்சுது."

"டை அடிச்சிருப்பேன்னு நெனச்சீங்களா?"

"நீ சின்னப் பொண்ணுன்னு நெனச்சேன்."

நோரா டீயை வைத்த இடத்திலேயே சாவியையும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டொமினிக் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சாவியை எடுத்தார். அலமாரியைத் திறந்தார். கவுனைத் தூக்கிக்கொண்டு வடக்கு ஜன்னலுக்கு வந்தார். இடது கண்ணை மூடினார். வெகுநேரம் பார்த்தார்.

"நோரா."

"ம்."

"இது மட்டும் நெஜமாவே மஞ்சள்தான்."

இருவரும் சிரித்தார்கள். நான் முதன்முதலாக அந்த ஜன்னலிலிருந்து விலகி வந்தேன். எனக்கும் கொஞ்சம் நாகரிகம் உண்டு. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் போனேன்.

8

வெளுத்தார்கள். காய்ச்சவில்லை, ஆறின தண்ணீரில், மருந்தைக் குறைத்து, இருவரும் பக்கத்திலேயே உட்கார்ந்து. டொமினிக் முதலில் இரும்புக் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். இரும்பு இருந்தால் பெராக்சைடு அந்த இடத்தைத் தின்றுவிடுமாம். லேஸ் தப்பித்தது. பால் ஆடை நிறத்துக்கு வந்தது. அதற்கு மேல் போகவேண்டாம் என்று டொமினிக்கே நிறுத்தினார்.

காய்ந்ததை மடிக்கும்போது கவுனின் இடது கை அக்குளில் 'சர்' என்று ஒரு சத்தம். கை முழுசாக வந்துவிட்டது.

"தண்ணியிலேர்ந்து கொஞ்சம் முன்னாடியே எடுத்திருக்கணும். என் தப்பு" என்றார் டொமினிக்.

"இல்ல டாடி. என் கல்யாணத்தன்னிக்கு நான் பயத்துல வேத்த வேர்வை. அந்த எடம் அப்பவே போயிருக்கும்" என்றாள் நோரா.

இரண்டில் எது என்று எழுத நான் மூன்று விதமாக முயன்றேன். ஒன்றில் டொமினிக் மேல் பழி, ஒன்றில் வேர்வை மேல், ஒன்றில் தையற்காரர் மேல். மூன்றிலும் அவர்கள் இருவரும் அந்தப் பழிக்காகப் போட்டி போட்டுக்கொண்டிருந்ததுதான் நன்றாக வந்தது. நோரா கத்தரிக்கோலை எடுத்து வலது கையையும் வெட்டிவிட்டாள்.

9

ஜோவிதா கையில்லாத கவுனில் கல்யாணம் செய்துகொண்டாள். ஃபாதர் முகம் சுளித்தார். முன்வரிசைப் பெண்கள் இருவர் அவள் தோளை மூடத் தங்கள் துப்பட்டாவைக் கழற்றி அனுப்பி வைத்தார்கள். அவள் இரண்டையும் பூச்செண்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு நடந்தாள். டொமினிக் அவள் கையைப் பிடித்து அழைத்துவந்தார். பீடத்தில் விரித்திருந்த துணியை ஒருமுறைதான் பார்த்தார். ஆல்பத்தில் கவுன் பளீரென்று வெள்ளையாக இருக்கிறது. ஃபோட்டோகிராஃபர் கம்ப்யூட்டரில் எல்லாப் பெண்ணுக்கும் அப்படித்தான் செய்வானாம்.

இப்போது ஜோவிதாவும் டிரேவரும் புனேயில். கோவிந்தப்பா மகனோடு இருக்க துமகூருக்குப் போய்விட்டார். சண்டை போட ஃபோன் வருகிறது, தமிழில்தான்.

நோராவும் போய்விட்டாள். இதைச் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு பக்கம் ஆயிற்று. கோலார் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை வேலைக்கு அவளை வருஷாவருஷம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். அப்பாவை விட்டு எப்படி வருவது என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். இந்த வருஷம் சரி என்றுவிட்டாள். சந்தில் என்னென்ன பேசினார்கள் என்று கேட்டால் நான் சொல்லக்கூடாது, பாதி நான் பேசியது.

"இடது கண்ணு ஆபரேஷனையும் முடிச்சிட்டு போயிருக்கலாமேம்மா" என்று அவளிடமே கேட்டேன்.

"அவர் மாட்டேங்கறார் ஆன்ட்டி. ரெண்டும் புதுசாயிட்டா எது பழசுன்னு எனக்கு எப்படித் தெரியும்கறார்."

"அப்ப நீ இருந்து பாத்துக்கலாமில்ல?"

"பாத்துக்கிட்டுத்தான் ஆன்ட்டி இருந்தேன்" என்றாள். அதில் கோபமில்லை.

அவள் போன அன்று காலை பெட்டியை ஆட்டோவில் ஏற்றினார்கள். டொமினிக் கேட்டருகே நின்றார். அவள் தலையில் கை வைத்து சிலுவை போட்டார். "போய்ச் சேந்ததும் ஃபோன் பண்ணு. சாப்பாடு நல்லால்லன்னா வந்துரு" என்றார். "வரமாட்டேன் டாடி" என்று சிரித்தாள். ஆட்டோ சந்து முனைக்குப் போவதற்குள் அவர் ஒரு கையை உயர்த்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கண்ணால் பார்த்தால் நரைத்த தலைமை ஆசிரியை போகிறாள். மற்றதால் பார்த்தால் சின்னப் பெண் போகிறாள்.

எந்தக் கண்ணை மூடினார் என்று என் ஜன்னலிலிருந்து நன்றாகவே தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே சொல்லாமல் இருக்கப் போகிறேன். கேட்டு வராதீர்கள். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.